கீழிமையில் மை நிற்காத இடம்

என் திருமணத்தன்று விடியற்காலையில் அலங்காரம் செய்ய வந்த பெண், கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை நிறுத்தி, "அக்கா, உங்களுக்குக் கீழ் இமையில மூக்கோரமா முடியே இல்லை, மை நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு அது புதிய செய்தி அல்ல. பள்ளிக் காலத்திலிருந்தே அந்த இடத்தில் மை நிற்காமல் கன்னத்தில் வழியும் என்பதால், மை வைப்பதையே விட்டிருந்தேன். அது 2016. இமையில் இருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்கு ஒரு காரணம் உண்டு என்பதும், என் மகளின் முகத்துக்கும் அதுவே காரணம் என்பதும் எனக்குத் தெரிய மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

மகளுக்கு இப்போது ஆறரை வயது. சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். கணவர் வீட்டிலேயே கைத்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். நான் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். மகளின் பெயரையும் படத்தையும் இங்கே தரப்போவதில்லை. தன் முகத்தை யாருக்குக் காட்டுவது என்பதை அவள் வளர்ந்து தானே முடிவு செய்யட்டும். ஆனால் அவளை வளர்த்ததில் நாங்கள் கற்றதையும் தவறவிட்டதையும் எழுதாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் பிறந்த வாரத்தில், இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர் யாராவது தமிழில் எழுதியிருக்கிறாரா என்று இரவெல்லாம் தேடி அழுதவள் நான்.

2019 தை மாதத்தில் அவள் பிறந்தபோது கண்களின் வெளி ஓரங்கள் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. கன்ன எலும்பு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. தாடை மிகச் சிறியது. இரண்டு காதுகளும் மடங்கிய மொட்டுகளைப் போல இருந்தன, துளை இல்லை. வாயைத் திறந்தால் மேலண்ணத்தின் பின்பகுதி பிளந்திருந்தது. மூன்றாம் நாள் குழந்தை மருத்துவர் ஒரு துண்டுத் தாளில் 'ட்ரீச்சர் காலின்ஸ் சிண்ட்ரோம்' என்று எழுதிக் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டில் இதை விவரித்த ஆங்கிலேயக் கண் மருத்துவரின் பெயர் அது. ஏறக்குறைய 50,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கும் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.8 லட்சம், அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் எங்கள் மாவட்டத்திலேயே 70 பேர் அளவில் இருக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று அப்போது ஏங்கினேன். ஒருவர் என் வீட்டுக் கண்ணாடியிலேயே இருந்தார் என்பது தெரியாது.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். மருத்துவர் எங்களைப் பார்க்கச் சொன்னது மூச்சை. தாடை சிறுத்திருந்தால் நாக்குக்கு இடம் போதாது. மல்லாந்து படுத்தால் அது பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். பொதுவாகக் கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கத்தான் சொல்வார்கள். இவளை மட்டும் ஒருக்களித்தோ குப்புறவோ, யாராவது ஒருவர் கண் கொட்டாமல் பக்கத்தில் இருக்கும்படி படுக்க வைக்கச் சொன்னார்கள். தூளி கூடவே கூடாது என்றார்கள். நாங்கள் மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் அத்தை, அதாவது என் மாமியார், தம் பழைய நூல் சேலையை உத்தரத்தில் தூளியாகக் கட்டி, கழுத்தோரம் உறுத்தாமல் இருக்க முடிச்சையெல்லாம் தடவிப் பார்த்து வைத்திருந்தார். தூளிக்குள் குழந்தை வில்லாக வளைந்து கிடக்கும். முகவாய் நெஞ்சில் அழுந்தும். இவளைப் போன்ற சிறு தாடைக்குழந்தைக்கு அந்த வளைவே மூச்சை நிறுத்திவிடக்கூடும். விளக்கிச் சொன்னபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. அவிழ்க்கவும் மனம் வராமல் மூன்று மாதம் அந்தத் தூளி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

இரவை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டோம். இரண்டு மணி வரை நான், பிறகு கணவர், விடியும் வேளையில் அத்தை. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, குறட்டை நடுவில் நின்றுபோய்ப் பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றில் எதைக் கண்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. இருமுறை நள்ளிரவில் ஆட்டோவில் ஓடியிருக்கிறோம். மூச்சு மிகவும் திணறும் குழந்தைகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள், அல்லது தாடை எலும்பை அறுத்துக் கருவி பொருத்திச் சிறிது சிறிதாக நீட்டுவார்கள். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

மூச்சுக்கு அடுத்தது பால். அண்ணம் பிளந்த குழந்தையால் வாயை மூடி உறிஞ்சும் இழுவையை உண்டாக்க முடியாது. மார்பில் போட்டால் சப்பும், பால் வராது, களைத்துத் தூங்கிவிடும். பார்ப்பவருக்குக் குழந்தை வயிறு நிறைந்து தூங்குவதாகத் தோன்றும். பத்தாம் நாள் நிறுத்துப் பார்த்தபோது பிறந்த எடையிலிருந்து 300 கிராம் இறங்கியிருந்தாள். அப்போது மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்தான், "வீட்டுல பாலாடை இருக்காங்க?" என்று கேட்டார். இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிப் பாலாடை, என் கணவருக்கு அவருடைய சிறு வயதில் மருந்து புகட்டியது, பூஜை அலமாரியில் கறுத்துப்போய்க் கிடந்தது. அத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பாலாடையை நான் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பேன். பீய்ச்சி எடுத்த பாலைப் பாதி அளவு ஊற்றிக்கொண்டு, குழந்தையை ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல் கடைவாய்ப் பக்கமாக வைத்து, உதடு நனையும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. அவள் நாக்கை நீட்டித் தானே இழுத்துக்கொள்வாள். தொண்டையில் 'களுக்' என்று ஒரு சிறு ஒலி கேட்கும். அது கேட்ட பிறகுதான் அடுத்த சாய்ப்பு. அவசரப்பட்டால் பால் மூக்கு வழியாக வரும், புரை ஏறும். 30 மில்லி உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் நீட்டினால், குடித்த பாலின் பலனைக் குடிக்கும் உழைப்பே தின்றுவிடும் என்று அந்தச் செவிலியர் எச்சரித்திருந்தார். மூன்றாம் வாரம் 200 கிராம் ஏறியிருந்தாள். அன்றைக்கு நான் அடைந்த மகிழ்ச்சியை அதற்குப் பிறகு வேறு எந்தச் செய்தியும் தரவில்லை.

கண்ணும் அப்படித்தான். கீழிமையில் ஒரு பிளவு இருப்பதால் தூங்கும்போது கண் முழுதாக மூடுவதில்லை. விழி காய்ந்துபோகாமல் இருக்க இன்றும் இரவில் களிம்பு இடுகிறோம்.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்த நாங்கள் கோட்டைவிட்டது காதை. குழந்தை பிறந்த மருத்துவமனையில் காதைப் பற்றி நான் கேட்டேன். "முதலில் எடை ஏறட்டும், காதெல்லாம் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம்" என்றார்கள். காதின் வடிவம் வேறு, கேட்கும் திறன் வேறு என்பதை எங்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நாங்களும் அவளுக்குக் காது கேட்கிறது என்றே நம்பினோம். கணவர் தறியில் பலகையை இழுத்து அடித்தால் அவள் திரும்புவாள். குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுவாள். அத்தை பித்தளைத் தட்டைத் தட்டிக் காட்டி, "பாரு கண்ணு, திரும்பறா" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

பதினோராம் மாதத்தில் அண்ணப் பிளவை மூட வேறு ஊரில் அறுவை சிகிச்சை நடந்தது. அங்கேதான் முதல்முறையாக, குழந்தையைத் தூங்க வைத்து, கேட்கும் திறனை அளக்கும் 'பெரா' பரிசோதனை செய்தார்கள். இரண்டு காதிலும் ஏறக்குறைய 60 டெசிபெல் இழப்பு. நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே ஏறக்குறைய அந்த அளவுதான். தறியின் அடி அதைவிடப் பலமானது, தரை வழியாகவும் அதிரும். அவள் தறியைக் கேட்டிருக்கிறாள். நான் பதினோரு மாதமாகப் பாடிய தாலாட்டைக் கேட்கவில்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவி என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் இலக்கு. தட்டைத் தட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. காது மடல் சிறியதாகவோ துளையின்றியோ பிறந்த குழந்தையின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறியும் மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. அண்ணப் பிளவும் பிறவிச் செவித்திறன் குறைபாடும் அந்தப் பட்டியலில் உள்ளன. மாவட்டத் தலைநகரில் அதற்கென்றே இடையீட்டு மையம் உண்டு. பிரசவம் பார்த்த இடத்தில் சொல்லாவிட்டாலும் நாமே கேட்டுப் போகலாம்.

அந்தப் பரிசோதனையில் நல்ல செய்தி ஒன்றும் இருந்தது. இந்நிலையில் பாதிக்கப்படுவது வெளிக் காதும் நடுக் காதின் சிற்றெலும்புகளும்தான். உட்காது வேறொரு திசுவிலிருந்து உருவாவதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே ஒலியை மண்டையோட்டின் வழியாக அதிர்வாக அனுப்பினால் உட்காது அதை வாங்கிக்கொள்ளும். துணிப் பட்டையில் பொருத்திய ஒரு சிறு கருவி, தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. நாங்கள் அதைப் 'பெல்ட்' என்போம். கடன் வாங்கித்தான் வாங்கினோம். 2020 பிப்ரவரியில் அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். மார்ச் 25 முதல் ஊரடங்கு. பயிற்சி நின்றது, நூல் வராமல் தறியும் நின்றது. எங்கள் தெருவில் எந்நேரமும் கேட்கும் தறிச் சத்தம் ஒன்றுகூட இல்லாத அந்த வாரங்களில், அவளை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு சத்தத்தையும் பெயர் சொல்லிக் காட்டினேன். அரிசி முறத்தில் விழும் சத்தம், குழாயில் தண்ணீர், அத்தையின் வளையல், புறா. பயிற்சியாளர் பிறகு சொன்னார், இரைச்சல் இல்லாத வீடு அவளுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று. அவளுடைய முதல் சொல் 'அம்மா' அல்ல; 'புறா'.

இனி, இதுவரை நான் வீட்டாரிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்று.

2018 ஜூலை 27, ஆடி வெள்ளி, பௌர்ணமி. அன்று நள்ளிரவு தொடங்கிய கிரகணத்தில் சந்திரன் 103 நிமிடம் முழுமையாக நிழலுக்குள் இருந்தது. இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சந்திர கிரகணம் அதுதான். எனக்கு நான்காம் மாதம். மாலையிலேயே என்னை உள்ளறையில் படுக்க வைத்து, சன்னலுக்குப் போர்வை கட்டி, வயிற்றின் மேல் தர்ப்பை வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. யாரையும் எழுப்பாமல் போனேன், திரும்பும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டேன். செம்பு நிறத்தில் நிலா இருந்தது. அழகாக இருந்தது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. தை மாதம் மகள் பிறந்தபோது முதலில் வந்த கேள்வி, "கிரகணத்துல வெளிய வந்தியா கண்ணு?" என்பதுதான். இல்லை என்றேன். அந்தப் பொய்யையும் அந்த நிலாவையும் இரண்டரை ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தேன். மகளின் கண்ணில் ஒவ்வோர் இரவும் களிம்பு இடும்போது, அந்த ஒரு நொடிக்காகத்தான் இவள் இப்படி என்று நினைத்துக்கொண்டே இட்டிருக்கிறேன்.

2021-இல் சென்னையில் ஒரு மரபியல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் குழந்தையைப் பார்த்த பிறகு என்னை வெளிச்சத்தின் பக்கம் திரும்பச் சொல்லி, "உங்க கீழ் இமையைத் தொட்டுப் பார்க்கலாமாம்மா?" என்றார். தொட்டார். கன்ன எலும்பை இரு விரலால் தடவினார். பிறகு ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை வரையத் தொடங்கினார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஐந்தாவது குரோமோசோமில் டிசிஓஎஃப்1 என்றொரு மரபணு இருக்கிறது. இந்நிலைக்கு மிகப் பெரும்பாலும் அதில் நேரும் மாற்றமே காரணம் என்று 1996-இல் கண்டறிந்தார்கள். கரு நான்கு வார வயதில் இருக்கும்போது, மூளையாக மாறப்போகும் பகுதியின் விளிம்பிலிருந்து சில செல்கள் புறப்பட்டு முகத்துக்கு வந்து கன்னமாகவும் தாடையாகவும் காதாகவும் ஆகின்றன. மரபணு மாறியிருந்தால் அந்தச் செல்கள் போதிய எண்ணிக்கையில் உருவாவதில்லை. மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. அறிவில் குறை இருக்காது. எட்டாம் வாரத்துக்குள் முகத்தின் அடிப்படை அமைந்துவிடும். நான் மனத்துக்குள் நாள் எண்ணினேன். என் மகளின் முகம் ஆனி மாதத்திலேயே அமைந்து முடிந்திருக்கிறது. ஆடியில் நான் நிலாவைப் பார்த்தபோது அதில் மாறுவதற்கு ஒன்றுமே இல்லை. அந்த அறையிலேயே விம்மி அழுதேன். மருத்துவர், மரபணு என்னிடமிருந்து வந்ததற்காக அழுகிறேன் என்று எண்ணித் தேற்றினார்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கணவர் கேட்டார். அவர் எனக்கு மாமன் மகன். இல்லை என்றார் மருத்துவர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் வெளிப்படும் நோய்கள் உண்டு. அவற்றுக்குச் சொந்தத் திருமணம் உண்மையிலேயே ஆபத்தைக் கூட்டும். எங்களுடைய இந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். பத்தில் ஆறு பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வரும். மற்றவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும். அந்தப் பெற்றோருக்கு என்னைப் போல் நான்கு இமைமுடி இல்லாததோடு நின்றிருக்கலாம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வெளிப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கருவுக்கும் சரிபாதி வாய்ப்பு. இரத்தப் பரிசோதனையில் எனக்கும் மகளுக்கும் ஒரே மாற்றம் இருப்பது உறுதியானது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் அப்பாவின் பழைய படத்தைக் கேட்டு வாங்கினேன். அப்பா 2012-இல் காலமானார். திருமணப் படத்தில்கூடத் தலையில் துண்டைக் காது மறையக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்கள் இரண்டும் வெளிப்புறம் தாழ்ந்திருக்கின்றன. "கூச்ச சுபாவம், துண்டை எடுக்கவே மாட்டார். சத்தமாப் பேசினாத்தான் திரும்புவார்" என்றார் அம்மா. வாழ்நாள் முழுவதும் ஊர் அவரைச் செவிடர் என்றது. அவருடைய காதில் என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவருக்கும் இந்தப் பட்டை கிடைத்திருந்தால் என் குரலைக் கேட்டிருப்பார் என்று நினைக்கும்போது தாங்க முடியவில்லை.

மகள் தலையைத் துண்டால் மறைப்பதில்லை. பெல்ட்டுக்கு என்ன நிறத் துணி என்பதை அவளே தேர்ந்தெடுப்பாள். சென்ற மே மாதம் ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்துச் சன்னலோரம் உட்கார்ந்து, காற்று கருவியில் மோதி இரைகிறது என்று கையால் பொத்திக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையில் ஓர் அம்மாள் நெருங்கி வந்து, "பாப்பாவுக்குத் தீக்காயமா?" என்றார். இப்படிக் கேட்பவர்கள் எனக்குக் கோபமூட்டுவதில்லை. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்களுக்குள் 'உச்' கொட்டுபவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "இல்லைங்க பாட்டி, கன்ன எலும்பு சின்னதா இருக்கு. இது காது கேக்கற பெல்ட்டு. நீங்க மெதுவாப் பேசினாலும் எனக்குக் கேக்கும்" என்றாள். அந்த அம்மாள் உண்மையிலேயே மெதுவாக ஏதோ கேட்டார். அவளும் பதில் சொன்னாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாம் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்கிறாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அதை மறப்பதே இல்லை. விலாக் குருத்தெலும்பை எடுத்துக் காது மடல் செய்வதைப் பற்றி எட்டு, ஒன்பது வயதில் பேசலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்கும் திறனுக்கு அது தேவையில்லை, தோற்றத்துக்கு மட்டுமே என்பதால் அவளைக் கேட்டுத்தான் செய்வோம். தாடை வளர்ச்சி முடியும் வயதில்தான் தாடைக்கான முடிவு. இரண்டாவது குழந்தையைப் பற்றி நானும் கணவரும் பலமுறை பேசியிருக்கிறோம். குடும்பத்தின் மரபணு மாற்றம் தெரிந்திருப்பதால் கருவிலேயே பரிசோதிக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த முடிவு வந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எங்களால் விடை சொல்ல முடியவில்லை.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்திருந்தால், தம்பிக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இதையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்றே, கல்யாணம் முடியட்டும்" என்று அம்மா கெஞ்சினார். அம்மாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால், வரப்போகும் ஒரு பெண் என்னைப் போல ஒரு நிலாவை நெஞ்சில் சுமப்பதற்கு நான் காரணமாக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வாசல் திண்ணையில் வெயிலுக்கு முகத்தைக் காட்டி உட்கார வைத்து, அவனுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். மகளும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, "மாமாவுக்கு முடி கடைசி வரைக்கும் இருக்கும்மா" என்றாள். கண்ணால் பார்ப்பது போதாது என்று அவனுக்கே தெரியும். மறுநாள் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். முடிவு வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம்.